மூன்றரை மணிப் பூட்டு

"தினமும் மூன்றரை மணிக்கு மட்டும் இருபத்தஞ்சு நிமிஷம் எப்படிம்மா நின்னுபோகும்? கம்ப்யூட்டருக்கென்ன தூக்கமா வருது?"

மேனேஜர் கேட்டதில் நியாயம் இருந்தது. கம்ப்யூட்டர் கோளாறை ஆய்வு செய்ய வந்தவளுக்குத்தான் அலுப்பாக இருந்தது. இந்த வாரத்தில் இது நாலாவது ஆபீஸ். எங்கேயாவது ஏதாவது மக்கர் பண்ணும். இவள் போய்ப் பார்ப்பாள், ரிப்போர்ட் எழுதுவாள், யாராவது ஒருத்தருக்கு வேலை போகும். பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வாள். பழகவில்லை.

பம்ப்செட் உதிரிபாகங்கள் அடுக்கி வைக்கும் கிடங்கு அது. என்ன வந்தது, என்ன போனது என்று மூன்று பெண்கள் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டிருந்தார்கள்.

"கணக்கையெல்லாம் வெச்சுக்கப் பெரிய டேட்டாபேஸா வாங்கிப் போடலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நம்ம புரோகிராமர் கேட்டாத்தானே. ஓசியில கிடைக்குதுன்னு ஒரு சின்னதைக் கட்டிக்கிட்டு அழறார். கோளாறு அதுலயா, அவர்கிட்டயான்னு பார்த்துச் சொல்லுங்க. அவர்கிட்டன்னா இன்னிக்கே அனுப்பிடறேன்."

போகிற போக்கில் பெருமையாக இன்னொன்றும் சொன்னார்.

"இங்க டிசிப்ளின்தான் முக்கியம். சாப்பாடு முடிஞ்சு உட்கார்ந்தா ஆறு மணி வரைக்கும் யாரும் சீட்டை விட்டு எழுந்திரிக்கக் கூடாது. சிஸ்டம் நின்னாத்தான் வெளிய போகலாம்."

புரோகிராமருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ஆபீஸில் எல்லோருக்கும் அவர் ஃபைல் சார். அந்தப் பெயர் சும்மா வரவில்லை என்பது அவர் வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"மொத்தமும் ஒரே ஒரு ஃபைல்தாம்மா. தனி சர்வர் வேணாம், அதைக் கட்டி மேய்க்க ஆளு வேணாம். பென் டிரைவ்ல போட்டா சட்டைப் பாக்கெட்டோட வந்துடும். மூணு பேர் எழுதற கிடங்குக்கு இது போதாதா?"

போதும்தான். இவளைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"அப்புறம் ஏன் சார் பூட்டிக்குது?"

"ஒருத்தர் எழுதும்போது அது கதவைச் சாத்திக்கும்மா. அவங்க வெளிய வந்தாத்தான் அடுத்தவங்க உள்ள போய் எழுதலாம்."

"அது கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடியற வேலையாச்சே. இருபத்தஞ்சு நிமிஷம் உள்ள உட்கார்ந்திருக்கறது யாரு?"

ஃபைல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே பளிச்சென்றுதான் இருந்தது.

சரியாக மூன்றரைக்கு மூன்று திரையிலும் ஒரே வரி வந்து நின்றது. 'பூட்டப்பட்டுள்ளது. சிறிது நேரம் கழித்து முயலவும்.'

இரண்டு பெண்கள் சாவகாசமாகச் சோம்பல் முறித்தார்கள். ஓரத்தில் இருந்த மூன்றாவது பெண் மட்டும் மேசைக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். மூன்று ஐம்பத்துநாலுக்கு மூச்சிரைக்கத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அடுத்த நிமிஷம் பூட்டு திறந்தது.

"எங்கம்மா போயிட்டு வர்றே?" என்று இவள் கேட்டாள்.

"சிஸ்டம் நின்னுடுச்சே மேடம். சும்மா... காத்தாட." பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம்.

ஓகோ, கூட்டுக் களவாணித்தனம் என்று இவளுக்குப் பட்டது. புரோகிராமைத் திறந்து தேடினாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, கையும் களவுமாக அகப்பட்டது. மூன்றரை அடித்ததும் டேட்டாபேஸைப் பூட்டு, மூன்று ஐம்பத்தைந்துக்கு விடு. எழுதுவதற்கு ஒரு எழுத்துகூட இல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு வெறுமனே உள்ளே உட்கார்ந்திருக்கும் வரி.

ரிப்போர்ட்டைத் தட்ட ஆரம்பித்தாள். 'கோளாறு டேட்டாபேஸில் இல்லை. வேண்டுமென்றே...'

எதிர் மேசையில் ஃபைல் சார் இவள் முகத்தைப் பார்த்தார். டிராயரைத் திறந்து தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட ஆரம்பித்தார். டப்பா, பேனா, பழைய கண்ணாடிக் கூடு. பார்க்க இவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் தப்பு தப்புதானே.

சாட்சிக்கு வேண்டுமே என்று அந்த வரியை நகல் எடுக்கப் போனாள். வரி நீளமாக, திரையைத் தாண்டி வலப்பக்கம் ஓடியிருந்தது. நகர்த்திப் பார்த்தாள். கடைசியில், பின்னால் வருகிற புரோகிராமருக்காக ஒரு குறிப்பு இருந்தது. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான்.

'கீழே வாட்ச்மேன் அறையில் பாப்பாவுக்குப் பால் கொடுக்கும் நேரம். மார்ச் ஒன்பதோடு ஒரு வயது முடிகிறது. அன்று இந்த வரியை எடுத்துவிடவும்.'

ஓரத்து மேசையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, விட்ட வேலையைப் பிடிக்க மளமளவென்று தட்டிக்கொண்டிருந்தாள்.

இவளுக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒரு மூன்றரை மணி இருந்தது. நனைந்த ரவிக்கையை முந்தானையால் மூடிக்கொண்டு ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு இவளுக்காக எந்த சிஸ்டமும் நிற்கவில்லை.

மேனேஜர் உள்ளே வந்தார். "என்னம்மா, கோளாறு யார்கிட்டன்னு தெரிஞ்சுதா?"

ஃபைல் சாரின் கை டிராயரிலேயே நின்றது.

தட்டியதை அழித்தாள். "யார்கிட்டயும் இல்ல சார். உங்களுக்கு இந்தச் சின்ன டேட்டாபேஸே தாராளமாப் போதும். நல்லாத்தான் எழுதியிருக்கார்."

"அப்போ அந்த மூன்றரை மணிப் பூட்டு?"

"அது மார்ச் ஒன்பதாம் தேதி தானாவே சரியாயிடும் சார். அதுவரைக்கும் யாரும் கை வைக்க வேணாம்."