சொந்தக் கதை

"இந்த சீசன்ல நடிப்பே கிடையாது. அவங்கவங்க சொந்தக் கதைதான். பொய்க்கு இடமில்ல!" என்று நாடகக் குழுவிடம் முழங்கினார் டைரக்டர்.

"சொந்தக் கதைக்கு வசனம் எடுத்துக்கொடுக்க நான் எதுக்கு?" என்றாள் பிராம்ப்டர்.

"சும்மா ஒரு துணைக்கு."

முதல் கதை டைரக்டருடையது. "நான் ஒரு அநாதை..." என்று குரல் தழுதழுக்க ஆரம்பித்தவர், அடுத்த வரி மறந்து திருதிருவென்று விழித்தார்.

பிராம்ப்டர் தலையில் அடித்துக்கொண்டு, திரை மறைவிலிருந்து கிசுகிசுத்தாள்: "என்னைப் பெத்த அன்னைக்கே எங்கம்மா கண்ணை மூடிட்டா."

அவர் அப்படியே சொன்னார். அரங்கமே மூக்கைச் சிந்தியது.

திரை விழுந்ததும் அவளிடம் எரிந்து விழுந்தார்: "கொஞ்சம் சத்தமாச் சொன்னா என்ன?"

"உன்னைப் பெத்த அன்னைக்கே கண்ணை மூடினவடா நான். இவ்வளவு சத்தம் வந்ததே பெருசு!"