கண்ணே அளவு

பட்டறை மெக்கானிக்குக் கண்ணே அளவுகோல். டேப்பைத் தொட்டால் கௌரவக் குறைச்சல். பழைய பிக்கப்பின் தொங்கிப்போன பின்பக்கத்தைத் தூக்கி, இடப்பக்க ஸ்பிரிங் வில்லில் மட்டும் ஒரு இரும்புப் பட்டை கூடுதலாகச் சொருகினார். பட்டறைக்குள் வண்டி சாயாமல் மட்டமாக நின்றது.

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத் திரும்பிய வண்டிக்காரர், "ரோட்டுல வலப்பக்கம் சாயுதுண்ணே" என்றார்.

"உன் பார்வைதான் கோணல்! முப்பது வருஷ சர்வீஸ். என் வேலை கோணலா இருந்தா வாசல் போர்டையே கழட்டிடறேன்."

வண்டிக்காரர் பையிலிருந்த ரசமட்டத்தை எடுத்துப் பட்டறைத் தரையில் வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாக ஓரத்துக்கு ஓடியது.

மெக்கானிக் சீறினார்: "எந்தக் குருட்டுக் கொத்தன்டா இந்தத் தரையைப் போட்டான்?"

"நான்தாண்ணே. கழுவுற தண்ணி இடப்பக்கச் சுவரோரமா ஓடணும், சரிவா போடுன்னு நீங்கதானே பக்கத்துல நின்னு சொன்னீங்க? போர்டைக் கழட்ட ஏணி வண்டியிலேயே இருக்கு."