பெரியவளின் கட்டில்

கட்டில் எடுக்கத்தான் போனார்கள். படம் பார்க்க அல்ல.

தேவாலய மண்டபத்துக் கதவோரம் அது சாய்ந்து நின்றது. ஊரில் சோதனை எழுதி முடித்ததும் பெரியவள் சாந்தா வந்துவிடுவாள். அவளுக்காகக் கனகலிங்கம் தேவாலயத்து மக்டலீன் அம்மாவிடம் கேட்டு வாங்கியது. மனைவி கமலநாயகி சின்னவனோடு ஹம்பேர்க்கில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவருக்கு இதே நினைப்புத்தான்.

மக்டலீன் அம்மா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதானே, கேக் இருக்கிறது, பழைய ஹாலிவுட் படமும் இருக்கிறது, இருங்கள் என்றார்.

கறுப்பு வெள்ளைப் படம். அமெரிக்கர் எல்லாரும் ஜெர்மன் பேசினார்கள். வயல் போய், வீடும் போய், ஒரு தாய் சின்ன மகனோடு ரயில் ஏறுகிறாள். மூத்த மகள் நடைமேடையிலேயே நிற்கிறாள். ரயில் போகிறது. ஏன் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

எழும்பலாம் என்று பார்த்தால், எல்லாரும் கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டார்கள். படம் பார்த்தால் போதாதாம். ஒவ்வொருவரும் அதைப் பற்றி ஏதாவது சொல்லவும் வேண்டுமாம்.

படம் முழுக்கக் குறட்டை விட்ட கிழவர்தான் முதலில் கையை உயர்த்தினார். அந்தத் தாய் கல்நெஞ்சுக்காரி என்றார். கண்ணீர் துடைத்துத் துடைத்துக் கைலேஞ்சி நனைந்துபோயிருந்த ஒரு பெண், அவளைப்போல் தாய் உண்டா என்று அவரோடு சண்டைக்குப் போனாள். படம் வந்த காலத்தில் விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள், சனமோ அழுவதற்கென்றே திரும்பத் திரும்பப் போனது என்று மக்டலீன் அம்மா ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்.

இதையெல்லாம் கமலநாயகிக்குத் தமிழில் சொல்லவேண்டியிருந்த கனகலிங்கத்துக்குத் தலை சுற்றியது. அவருடைய ஜெர்மன், வேலை செய்யும் உணவகச் சமையலறையில் பொறுக்கியது. கோப்பை, சட்டி, கெதியாகக் கழுவு. அதற்குள் கல்நெஞ்சை எங்கே போய்த் தேடுவது?

"அந்த மனிசி இவ்வளவு நேரம் கதைச்சது. நீங்கள் 'அழுகிறா' எண்டு ஒரு சொல்லிலை முடிக்கிறியள்," என்றாள் கமலநாயகி.

"உமக்கு விளங்கினால் நீரே சொல்லுமன்."

வட்டம் சுற்றிவந்து அவளிடம் நின்றது. மக்டலீன் அம்மா கையில் தாளோடு அவள் பக்கம் குனிந்து கேட்டார்.

கனகலிங்கம் தமிழில் சொன்னார். "தாய் ஏன் மூத்தவளை விட்டிட்டு வந்தவ எண்டு கேக்கினம்."

கமலநாயகியின் முகம் வெளுத்துப் போனது.

அகதி விசாரணையிலும் இப்படித்தான், கையில் தாளோடு எதிரே ஒருவர், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர் என்று அவளை இருத்திவைத்துக் கேட்டிருந்தார்கள். அது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

அவள் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். "நான் விட்டிட்டு வரேல்லை. விடிய எழும்பிப் பாக்கிறன், பள்ளிக்கூடச் சட்டை மடிச்சபடி கதிரையிலை கிடக்கு. அவள் துவக்குத் தூக்கவெண்டு இயக்கத்துக்குப் போயிட்டாள். சோதனையுமில்லை, ஒண்டுமில்லை."

பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "சொன்னால் நீங்கள் தேடிப் போயிடுவியள். பிறகு சின்னவனுக்கு ஆர்?"

வட்டம் காத்திருந்தது. கிழவர்கூட முழித்துக்கொண்டிருந்தார்.

கனகலிங்கம் வட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"நல்ல படமாம்," என்றார் கடைசியில், ஜெர்மனில்.

உங்கள் மனைவி இவ்வளவு நேரம் சொன்னாரே, அவ்வளவுதானா என்று மக்டலீன் அம்மா சிரித்தார். அவ்வளவுதான் என்று அவர் தலையாட்டினார். யாரோ கை தட்டினார்கள்.

கட்டிலின் ஒரு முனையை அவர் தூக்கினார். கமலநாயகி மறு முனையைப் பிடித்தாள்.

மக்டலீன் அம்மா கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, மகள் எப்போது வருகிறாள் என்று கேட்டார்.

"சோதனை முடிந்ததும்," என்றார் கனகலிங்கம்.

அந்த ஒரு வசனத்தை அவர் பலரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார். ஜெர்மனில் ஒரு பிழையும் வரவில்லை.