மூடிய வாயின் கோடு

கழுத்தில் நான் ஒட்டும் இரண்டு சிறு தகடுகள், உள்ளே குரல்நாண்கள் அதிர்வதைத் திரையில் கோடாக வரையும். சகாயராணி தன் மகள் ஜெனிட்டாவை என் பேச்சுப் பயிற்சி அறைக்கு அழைத்து வந்திருந்தாள். தினமும் தாயின் மீன்கூடைக்குப் பின்னால் தெருத்தெருவாக நடக்கும் குழந்தை, ஐந்து வயதாகியும் ஒரு சொல் பேசியதில்லை.

அவள் பயப்படக் கூடாதென்று முதலில் தாய்க்கு ஒட்டினேன். “ஆ-ன்னு ஒரே சீரா இழுங்கக்கா.”

அந்தத் தொண்டைக்குச் சீராக இழுக்க வரவில்லை. “மீனேய்ய்... சாள மீனேய்!” என்று கூவியே விட்டாள். கோடு செங்குத்தாக ஏறி, சறுக்கி, இரண்டு முறை துள்ளி அடங்கியது. உச்சியில் நொடிக்கு முந்நூறு அதிர்வு.

அடுத்து மகள். வாயே திறக்கவில்லை.

“ஒண்ணும் வராது மேடம். எல்லா எடத்துலயும் பாத்தாச்சு.”

தகடுகளைக் கழற்றக் கை நீட்டினேன். திரையில், தாயின் கோட்டுக்கு நேர் கீழே, புதிய கோடு ஒன்று ஏறியது. அதே ஏற்றம், அதே சறுக்கல், அதே இரண்டு துள்ளல். உச்சியில் நானூற்றுப் பத்து. ஜெனிட்டாவின் உதடுகள் இறுக மூடியிருந்தன. மின்விசிறியை நிறுத்தினேன். அப்போதுதான், சுவருக்குள் வண்டு முரல்வதுபோல, அது திரும்பத் திரும்ப எங்கள் காதில் விழுந்தது.

சகாயராணி இரண்டு கோடுகளையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய், தன்னிடம் மீன் வாங்கும் வீட்டுக்காரிகளைப்போலக் கதவைப் பிடித்தபடி நின்று மகளைப் பார்த்தாள்.

“ஏ மீன்காரம்மா, இன்னைக்கு என்ன மீனு?”

கோடு நின்றது. குழந்தை உதடுகளைத் திறந்து மூச்சை இழுத்தாள்.