இதே வண்டிதான்

"அவர்கிட்ட சொல்லுங்க, டார்ச்சை என் மூஞ்சியில அடிக்காம வண்டி மேல அடிக்கச் சொல்லி."

அண்ணன் இதைச் சொன்னது மெக்கானிக்கிடம். டார்ச் வைத்திருந்த தம்பி இரண்டடி தூரத்தில்தான் நின்றிருந்தார்.

"காதுல விழுந்துச்சுன்னு சொல்லுங்க," என்றார் தம்பி, அவரும் மெக்கானிக்கிடமே.

மெக்கானிக் பெருமூச்சு விட்டார். காலையிலிருந்து இது மூன்றாவது வண்டி. முதுகு விண்விண்ணென்று தெறித்தது. பழைய வெளிநாட்டு வண்டி எதுவானாலும் அடியில் புகுந்து பார்த்து, எந்த வருஷத்தது, எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்று சொல்லிவிடுவார். அதனால் அவருக்குப் பட்டப்பெயரே 'சேசிஸ்'. யார் கெஞ்சினாலும் சரி, முப்பது வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

மூடிக் கிடந்த மர மில்லின் பின்கொட்டகையில், சக்கரங்கள் மண்ணில் புதைய நின்றது அந்த லாரி. எதிரே ஒரு கட்டையில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். இந்த இருவருக்கும் அப்பா. கப்பலில் வந்து இறங்கிய லாரி ஒன்றை இருபது வருஷம் ஓட்டிப் பிழைத்தவர். போன வாரம் இங்கே இதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்குத் தனித்தனியாகப் போன் போட்டிருக்கிறார். "நான் வித்த வண்டி கிடைச்சிடுச்சுடா. கண்ணை மூடறதுக்குள்ள அது ஓடறதைப் பார்க்கணும். ரெண்டு பேருமாச் சேர்ந்து சரி பண்ணுங்க."

பிள்ளைகள் பேசிக்கொண்டு ஆறு வருஷம் ஆயிற்று. அம்மா இறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில், 'நீ எப்போ வந்தே, நான் எப்போ வந்தேன்' என்று ஆரம்பித்தது. அன்றோடு பேச்சு நின்றது.

"வேலையில இறங்கறதுக்கு முன்னாடி இது அப்பா வண்டிதானான்னு தெரிஞ்சாகணும்," என்று அண்ணன் பழைய பதிவுப் புத்தகத்தை நீட்டினார். "இல்லேன்னா எனக்கு இங்க வேலை இல்லை."

"எனக்கும் இல்லைன்னு சொல்லுங்க," என்றார் தம்பி.

"இதேதான்டா. எத்தனை தடவைதான் சொல்றது?" பெரியவர் குரலில் அலுப்பு.

கதவில் இருந்த தகடு துருவில் கரைந்து போயிருந்தது. அதை நம்பிப் பயனில்லை. மெக்கானிக் சாக்கை விரித்து, கம்பி பிரஷ்ஷும் மண்ணெண்ணெயுமாக வண்டிக்கு அடியில் நுழைந்தார். முன்சக்கரத்துக்குப் பின்னால், சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தில் எண் அடித்திருக்கும். தேய்க்கத் தேய்க்கத் துரு கண்ணில் கொட்டியது.

மேலே இருவரும் பானட்டைத் திறக்கப் போனார்கள். ஒரு ஆளால் தூக்க முடியாத பானட்.

"அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்லுங்க," என்றார் அண்ணன்.

மெக்கானிக் வாயில் சாக்பீஸ். துருவைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு, "அவர்தான் அடியில இருக்காரே, யார்கிட்ட சொல்றே? இதோ பிடிச்சிட்டேன், தூக்கு," என்றது தம்பியின் குரல்.

பானட் கிறீச்சிட்டுத் திறந்தது.

"இந்த பானட் மேலதானே உட்காருவே?" என்றார் அண்ணன். "சுடுதுன்னு ஊரைக் கூட்டுவே."

"நீ தள்ளிவிட்டே, அதான் சுட்டுச்சு. அம்மாகிட்ட உதை வாங்கினது ஞாபகம் இல்லையா?"

"நான் மட்டுமா வாங்கினேன்? ரெண்டு பேருக்கும்தான் விழுந்துச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டோமே என்று கூச்சப்பட்டது போல் சட்டென்று நிறுத்தி, மறுபடியும் சிரித்தார்கள்.

மெக்கானிக் சாக்பீஸைச் சட்டத்தின் மேல் தேய்த்தார். எண் வெள்ளையாக எழுந்து வந்தது. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு எழுத்துகூட ஒத்துப்போகவில்லை. வேறு தொழிற்சாலை. புத்தகத்தில் இருந்த வண்டிக்கு ஆறு வருஷம் பிந்தி வந்தது. அப்பனும் இல்லை, மகனும் இல்லை, தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

அங்கேயே கிடந்தார். உண்மையைச் சொன்னால் இவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். பெரியவர் இடிந்துபோய் இந்தக் கட்டையிலேயே உட்கார்ந்திருப்பார்.

உள்ளங்கையால் எண்ணின் மேலிருந்த சாக்பீஸை அழித்துவிட்டு வெளியே வந்தார்.

"என்னண்ணே, சரியா இருக்கா?" இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"இதே வண்டிதான்," என்றார் மெக்கானிக்.

"ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு வந்துடு," என்றார் அண்ணன் தம்பியிடம்.

"ஏழுக்கே வரேன். எப்பவும் லேட்டு நீதான்."

பேசிக்கொண்டே இருவரும் தார்ப்பாய் எடுத்து வர வெளியே போனார்கள். மெக்கானிக் பெரியவரைப் பார்க்காமல், அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்ன தம்பி, பழக்கமில்லையா?" என்று பெரியவர் மெக்கானிக்கைக் கேட்டார்.

"எதுங்கய்யா?"

"பொய் சொல்றது."

மெக்கானிக்கின் கை அப்படியே நின்றது.

"என் வண்டியை உடைச்சு இரும்புக்குப் போட்டப்ப நான் பக்கத்துலயேதான் நின்னேன். பசங்க அழுவாங்கன்னு வித்துட்டதாச் சொல்லிட்டேன்," என்றார் பெரியவர். வெளியே தார்ப்பாயை யார் தூக்குவது என்று பிள்ளைகள் சண்டை போடும் சத்தம் கேட்டது. "இதைச் சரி பண்ண எத்தனை நாள் ஆகும்?"

"எப்படியும் ஒரு வருஷம் ஆகும்யா."

"ரெண்டு வருஷமா இழுத்துடு."