மாதிரித் தண்ணீர்

பாட்டில் கவிழ்ந்து, ஓடைத் தண்ணீர் சாப்பாட்டு மேசை முழுக்க ஓடியது. மோந்து பார்க்கலாமே என்று மூடியைத் திறந்தது இவர். தட்டிவிட்டதும் இவர் முழங்கைதான்.

சாயப் பட்டறையில் இவர் சுற்றுச்சூழல் அலுவலர். படித்தது கணக்கியல். நேர்முகத் தேர்வுக்குப் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு போன ராசி, பதவி ஒட்டிக்கொண்டது. மாசு என்றால் எப்படி மணக்கும் என்று வெகுநாளாக ஓர் ஆசை.

பட்டறையை ஒட்டிய ஓடையில் மாதிரி எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போகிற வழியில், மூன்று மாத மகளை ஓர் எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வீட்டுக்கு வந்ததில் இந்தக் கூத்து.

“அதுல ஒரு சொட்டு பாப்பா பக்கம் வரக்கூடாது, சொல்லிட்டேன்” என்றாள் மனைவி.

துடைத்தார். திரும்ப ஓடைக்குப் போக நேரமில்லை. தண்ணீர் சுத்தம் என்று முடிவு வராவிட்டால் பட்டறைக்குப் பூட்டு, இவருக்கும் வேலை போய் வீடுதான்.

சமையலறைக் குழாயைத் திறந்தார். சொந்தக் கிணற்றுத் தண்ணீர், கண்ணாடி போல இருக்கும். பாட்டிலை அலசி நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இப்படியும் ஓர் ஓடையா என்று ஆய்வகமே அசந்துபோகட்டும்.

மறுநாள் காலை ஆய்வகத்துப் பெண் போனில் வந்தாள்.

“சாயம், உலோகம் எதுவுமே இல்ல சார்.”

இவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

“ஆனா நைட்ரேட் இருக்கலாம்ங்கற அளவவிட மூணு மடங்கு இருக்கு. வயல் உரம், கக்கூஸ் குழி, இதெல்லாம் நிலத்துல எறங்கினா வர்றது. பச்சக் குழந்தைக்கு ஆகவே ஆகாது, ரத்தத்தையே கெடுத்துடும். நல்லவேளை, ஓடைத் தண்ணிய யாரும் குழந்தைக்குக் குடுக்கப் போறதில்ல.”

போனோடு சமையலறைப் பக்கம் திரும்பினார். உள்ளே மனைவி பால்பவுடர் டப்பாவைத் திறக்கும் சத்தம்.

உடனே கொஞ்சம் தெம்பு வந்தது. அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. குழந்தைக்கென்றால் தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டாள்.

“சும்மா ஒரு சந்தேகம்மா. நல்லா கொதிக்க வெச்சுட்டா?”

“எதுக்கு சார் கேக்கறீங்க?”

“தெரிஞ்சவங்க ஒருத்தர் கேட்டாங்க. ஆகும், ஆகாது, ஒண்ணு சொல்லு.”

“ஆகாது சார். கொதிக்க வெச்சா கிருமிதான் சாகும். நைட்ரேட் எங்கயும் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அது ஏறும்.”