மாப்பிள்ளையின் மூன்றாவது கணிப்பு

குதிரை டாக்டரின் வலது கை தோள்பட்டை வரை குதிரைக்குள் இருந்தபோது, மாமனார் வந்து அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

லாயம் மாமனாருடையது. குதிரையும் மாமனாருடையது. கை மட்டும்தான் டாக்டருடையது, அதையும் இப்போது குதிரை இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது.

வயதான குதிரை. இதுதான் கடைசிச் சினை. ஒரு பெண்குட்டியைப் போட்டுவிட்டால் அந்த வம்சம் தன் லாயத்திலேயே தழைக்கும் என்று மாமனாருக்கு ஆசை.

டாக்டரின் ஆசை வேறு. இந்தத் தடவையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

முதல் தடவை வேறொரு குதிரைக்குப் பெண் என்றார், ஆண் பிறந்தது. மாமனார் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டார். இரண்டாம் தடவை இன்னொரு குதிரைக்கு ஆண் என்றார். மாமனார் காலஞ்சென்ற தன் அப்பாவின் பெயரைப் பலகையில் எழுதி லாயத்தில் மாட்டிய பிறகு, பெண் பிறந்தது. எழுதிய பெயரை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. அப்பா இப்போது வேலியோரம் புல் மேய்கிறார். சொந்தக்காரர்கள் வந்தால் மாமனார் அந்தப் பக்கம் அழைத்துப் போவதில்லை.

காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இரண்டில் ஒன்றாவது சரியாக வந்திருக்கும் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார், மாப்பிள்ளையைத் தவிர. மரியாதை இருக்கிறதே. இன்னொரு தடவை தப்பினால் வேறு டாக்டரைக் கூப்பிடப் போகிறார் என்பதும் மனைவி வழியாகத்தான் டாக்டரின் காதுக்கு வந்தது. சொந்த மாமனாரே கூப்பிடாத டாக்டரை வேறு எந்த லாயத்துக்காரர் கூப்பிடுவார்?

இந்த மாதத்தில் குட்டி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஸ்கேன் திரையில் அதன் உடம்பில் சின்னதாக இரண்டு வெள்ளைக் கோடுகள் தெரியும். அவை தொப்புள்கொடியை ஒட்டி இருந்தால் ஆண். பின்பக்கம் ஒதுங்கி இருந்தால் பெண். வித்தை அவ்வளவுதான். குட்டி மட்டும் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும்.

இந்தக் குட்டி கரணம் போட்டுக்கொண்டிருந்தது.

ஒரு கணம் கோடுகள் தெரிந்த மாதிரி இருந்தது. படத்தை அப்படியே நிறுத்திவிட, டாக்டர் இடது கையால் ஸ்கேன் பெட்டியைத் தடவினார். கையுறை முழுக்கக் கொழகொழப்பு. ஏதோ ஒரு பொத்தான் அழுந்தியது. படம் நின்றது.

அப்படி ஒரு படத்தை அவர் தன் தொழிலிலேயே கண்டதில்லை. தலை, வயிறு, உயர்த்திய முன்னங்கால் எல்லாம் அச்சடித்தாற்போல் இருந்தன. கோடுகள் இரண்டும் பின்பக்கம் ஒதுங்கி இருந்தன. சந்தேகமே இல்லை.

"பொண்ணுதான் மாமா."

மாமனார் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு திரைக்குள் முகத்தை விடாத குறையாகப் பார்த்தார். "எனக்கு சலாம் வைக்குது பாருங்க" என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "வால் எங்க மாப்பிள்ளை?"

"உள்பக்கமா மடிச்சு வச்சிருக்கு மாமா."

தன் தைரியத்தை டாக்டரே மெச்சிக்கொண்டார்.

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. திரையைக் கைபேசியில் படம் பிடித்து, 'நம்ம வீட்டுக்குப் பொண்ணு வரப்போறா' என்று எழுதி, குடும்பத்தார் எல்லோருக்கும் அனுப்பினார்.

உடனே டாக்டரின் சட்டைப் பையில் கைபேசி அடித்தது. உபயோகப்படும் நிலையில் அவரிடம் கை எதுவும் இல்லை. மாமனாரே எடுத்தார். மகள் பெயரைப் பார்த்ததும், பாராட்டை நாமும் கேட்போமே என்று ஸ்பீக்கரில் போட்டு நீட்டினார்.

"என்னங்க, மூணு மாசம் முடியட்டும், அப்புறம் எல்லாருக்கும் சொல்லலாம்னுதானே பேசிக்கிட்டோம்? துடிப்பை மட்டும் காட்டுங்கன்னு சொன்னா, பொண்ணா பையனான்னு வேற பார்த்து வச்சிருக்கீங்க. அதையும் முதல்ல அப்பாகிட்டயா போய்ச் சொல்லுவீங்க?"



டாக்டர் திரையின் மூலையைப் பார்த்தார். நேற்றைய தேதி. படத்தை நிறுத்தும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தது, முன்பு எடுத்து வைத்த படத்தைக் காட்டும் பொத்தான்.

நேற்று சாயங்காலம் அவர் இதே பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் கருவியை மனைவி மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவவைத்தாள். அவளுக்குப் பயம். போன தடவை அவசரப்பட்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவரிடமும் இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. நேற்று துடிப்பைக் கண்டதும் இருவருமே அழுதுவிட்டார்கள். வேறு எதையும் பார்க்க டாக்டரின் கண் தெளிவாக இல்லை.

இப்போதுதான் பார்க்கிறார். பெண். அவருடைய பெண்.

மாமனார் கைபேசியை நீட்டியபடியே நின்றார். பிறகு மெதுவாகக் குனிந்து, உயர்த்திய அந்த முன்னங்காலின் நுனியில் விரலை வைத்து, வாய்க்குள்ளேயே ஐந்து வரை எண்ணினார்.

"அதானே பார்த்தேன், வாலைக் காணோமேன்னு" என்றார்.

உள்ளே கரணம் போட்டுக்கொண்டிருந்த குட்டி ஆணா பெண்ணா என்று அன்று யாரும் கேட்கவில்லை.